மேட்டுப் பாத்திக்குக் கரை: காசு கரையாமல் கட்டுங்கள்



இன்றைக்கு நாம் பேசப் போவது காய்கறிப் பாத்தியைப் பற்றி. பாத்தியில் போடும் விதையைப் பற்றியோ உரத்தைப் பற்றியோ அல்ல, பாத்தியின் ஓரத்தைப் பற்றி. "ஓரத்தைப் பற்றிப் பேச என்னங்க இருக்குது?" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ஓரம் சரிந்தால் பாத்தி சரியும். பாத்தி சரிந்தால் போட்ட விதையும் கொட்டின எருவும் மழைத் தண்ணீரோடு வாய்க்காலுக்குப் போய்ச் சேரும். அதே சமயம், ஓரத்தைக் கட்டுகிறேன் என்று கடன் வாங்கிக் கல் இறக்கினால், பாத்தியில் விளைவதெல்லாம் கல்லுக்கே போய்விடும். இந்த இரண்டு நஷ்டமும் வராமல் பாத்திக்குக் கரை கட்டுவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

சேலம் சூரமங்கலத்தில் உழவர் சந்தை இருப்பது உங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14-ஆம் நாள் மதுரையில் தொடங்கியது. அதைத் தொடர்ந்து வந்த சந்தைகளில் சூரமங்கலமும் ஒன்று. அடையாள அட்டை வாங்கிய விவசாயி இங்கே தரகு இல்லாமல் நேராக விற்கலாம். ஆகவே பத்து சென்ட், இருபது சென்ட் வைத்திருப்பவர்கள்கூடக் கீரை, முள்ளங்கி, கொத்தமல்லி, கத்தரி என்று போட்டுக் கையில் காசு பார்க்கிறார்கள். இந்தச் சின்ன நிலத்துக்காரர்களிடம்தான் இப்போது மேட்டுப் பாத்தி ஆசை அதிகமாகியிருக்கிறது. ஒருவர் ஹாலோ பிளாக் கல் வைத்து அழகாகக் கட்டிவிட்டால், பக்கத்துத் தோட்டக்காரருக்கும் மனசு அதில் போகிறது. அழகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கரை அவசியமா?

முதலில் ஒரு கேள்வி. பாத்திக்குக் கரை எதற்கு? மூன்று வேலைக்கு. ஒன்று, மழையில் மண் சரியாமல் பிடித்துக்கொள்வதற்கு. இரண்டு, மக்கிய எருவும் மூடாக்கும் நடைவழிக்கு வராமல் தடுப்பதற்கு. மூன்று, ஆள் காலும் ஆட்டுக் காலும் பாத்தியில் படாமல் எல்லை காட்டுவதற்கு. இந்த மூன்றும் மண்ணாலேயே நடந்துவிட்டால் வேறு சாமான் எதற்கு?

நம் சேலம், நாமக்கல் சமவெளியில் செம்மண்ணும் செம்மண் கலந்த சரளையும் அதிகம். களி கொஞ்சம் கலந்த செம்மண்ணாக இருந்தால், ஓரத்தைச் செங்குத்தாக வெட்டாமல் சாய்வாக விடுங்கள். அரையடி உயரத்துக்கு அரையடி சாய்வு. ஈரம் இருக்கும்போதே மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டிக் கெட்டிப்படுத்துங்கள். அந்தச் சாய்விலேயே சின்ன வெங்காயமோ முள்ளங்கியோ ஒரு வரிசை ஊன்றிவிடுங்கள். இலை மழைத்துளியை வாங்கிக்கொள்ளும், வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஒரு பருவத்துக்கு இது போதும். அடுத்த பருவத்துக்கு மறுபடி மண் அணைத்துவிட்டால் ஆயிற்று. பைசாச் செலவில்லை.

அப்படியானால் கரை கட்டியே தீர வேண்டிய இடம் எது? மணல் கலந்து பொலபொலவென்று உதிரும் மண். சரிவான நிலம். வருஷத்துக்கு நாலு, ஐந்து தடவை கீரை எடுக்கிற நிரந்தரப் பாத்தி. நாற்றங்கால். இந்த நான்குக்கும் கரை உதவும். மற்ற இடத்தில் மண் கரையே போதுமானது.

உயரம் எவ்வளவு?

மேட்டுப் பாத்தி என்றால் எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். அது குளிர்ந்த தேசத்துக்கும், தண்ணீர் தேங்குகிற தேசத்துக்கும் சரி. நமக்கு அப்படி இல்லை. ஆவணி, புரட்டாசி, ஐப்பசியில் நமக்கு நல்ல மழை. ஒரே ராத்திரியில் கொட்டித் தீர்த்துவிடும். அப்போது மேடு நல்லது, வேர் அழுகாது. ஆனால் மாசி கழிந்து பங்குனி, சித்திரை வந்தால் நிலைமை தலைகீழ். மேடான மண் நான்கு பக்கமும் காற்றுப்பட்டுச் சீக்கிரம் காய்ந்துவிடும். ஒன்றரை அடி உயரத்துக்குப் பாத்தி கட்டியவர் கோடையில் இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்ற வேண்டி வரும். ஆகவே நம் ஊருக்கு அரையடி முதல் முக்கால் அடி உயரம் போதும். நாற்றங்காலுக்கு ஒரு மீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர், அதாவது அரையடி உயரமும் வழக்கமான அளவு.

உயரம் குறைந்தால் கரைச் செலவும் பாதியாகக் குறையும் என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். உயரம் குறைந்த மண் கரையைத் தள்ளும் வேகமும் குறைவு. லேசான சாமானே தாங்கும்.

நீளம் அகலத்தில் இருக்கிறது சூட்சுமம்

இப்போது கொஞ்சம் கணக்கு. பாத்தியின் அகலம் நான்கு அடி. இரண்டு பக்கமிருந்தும் குனிந்து கை நீட்டினால் நடு வரைக்கும் எட்ட வேண்டும். களை எடுப்பது பெரும்பாலும் தாய்மார்கள்தான். அவர்கள் கைக்கு எட்டாத பாத்தியில் கால் வைத்து மிதித்துத்தான் வேலை செய்ய வேண்டும். மிதித்தால் மண் இறுகிப் போகும். ஆகவே நான்கு அடிக்கு மேல் அகலம் வேண்டாம். இடையே ஒன்றரை அடி நடைவழி விடுங்கள்.

120 சதுர அடி பாத்தி வேண்டும் என்று வையுங்கள். நான்கு அடி அகலம், 30 அடி நீளத்தில் ஒரே பாத்தியாகப் போட்டால் சுற்றுக் கரை 68 அடி. அதையே நான்குக்குப் பத்து என்று மூன்று பாத்தியாகப் போட்டால் கரை 84 அடி. நான்குக்கு மூன்று என்று பத்துக் குட்டிப் பாத்தியாகப் போட்டால் கரை 140 அடி. விளையும் இடம் மூன்றிலும் ஒன்றுதான். கரைச் செலவு மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடுகிறது. சின்னச் சின்னக் கட்டமாகப் போடுவது வீட்டு வாசலுக்கு அழகு. விற்பனைக்குப் பயிர் செய்கிறவருக்கு நீளப் பாத்திதான் லாபம்.

இன்னும் ஒரு மிச்சம் இருக்கிறது. நிலம் சரிவாக இருந்தால் பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். அப்படிப் போட்டால் மேட்டுப் பக்கத்துக்குக் கரையே தேவைப்படாது. தாழ்ந்த பக்கம் 30 அடியும் இரண்டு தலைப்பும் சேர்த்து 38 அடி கட்டினால் போதும். பாத்திக்கு 30 அடி மிச்சம்.

பத்து சென்ட் நிலத்தில் இந்த அளவில் சுமார் 25 பாத்தி போடலாம். எல்லாவற்றுக்கும் நான்கு பக்கமும் கட்டினால் 1,700 அடி கரை. அடிக்கு 30 ரூபாய் ஆகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 51,000 ரூபாய். அதை மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினால், வட்டி மட்டும் மாதம் 1,020 ரூபாய். கீரைக் கட்டு விற்று முதலில் இந்த வட்டியைக் கட்டி, பிறகு அசலைக் கட்டி, மிச்சத்தில் குடும்பம் நடத்த வேண்டும். கல் என்னவோ உறுதியாகத்தான் நிற்கும். குடும்பம் நிற்க வேண்டாமா?

விலையைப் பார்க்காதீர்கள், வருஷத்தைப் பாருங்கள்

எந்தச் சாமான் மலிவு என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி சொல்கிறேன். சாமான் விலை, வண்டிக் கூலி, ஆள் கூலி மூன்றையும் கூட்டி, ஓரடிக் கரைக்கு எவ்வளவு என்று பாருங்கள். அதை, அந்தக் கரை எத்தனை வருஷம் நிற்குமோ அந்த எண்ணால் வகுங்கள்.

உதாரணத்துக்கு, ஹாலோ பிளாக் அடிக்கு 30 ரூபாய் ஆகி 15 வருஷம் நின்றால் வருஷத்துக்கு இரண்டு ரூபாய். மூங்கில் அடிக்கு எட்டு ரூபாய் ஆகி இரண்டு வருஷம் நின்றால் வருஷத்துக்கு நான்கு ரூபாய். தேங்காய் மட்டை வண்டிக் கூலியோடு அடிக்கு இரண்டு ரூபாய் ஆகி இரண்டு வருஷம் நின்றால் வருஷத்துக்கு ஒரு ரூபாய். இந்த ரூபாய் எல்லாம் கணக்குக்காகச் சொன்னது. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். முதலில் மலிவாகத் தெரிவது கடைசியில் அதிகச் செலவாகவும் இருக்கலாம், அதிக விலை சொல்வது கடைசியில் மலிவாகவும் இருக்கலாம்.

ஆனால் ஒன்று. 15 வருஷம் நிற்கும் கரை யாருக்கு லாபம்? 15 வருஷம் அதே நிலத்தில் இருக்கப் போகிறவருக்கு. நிலம் குத்தகையோ வாரமோ என்றால் அடுத்த வருஷம் உங்கள் கையில் இருக்கும் என்று நிச்சயமில்லை. அவர்கள் சிமெண்ட் பூசிக் கட்டவே கூடாது. கிடைக்கும் சாமானை வைத்து, பெயர்த்து எடுத்துப் போகிற மாதிரி கட்ட வேண்டும்.

காசில்லாமல் கிடைப்பவை

காட்டுக் கல்: ஏர் ஓட்டும்போது எழும்பின கல்லைப் பொறுக்கி வரப்பில் குவித்திருப்பீர்கள். அதுதான் முதல் தரமான கரைச் சாமான். இற்றுப் போகாது, கரையான் அரிக்காது. பெரிய கல்லை அடியில் பாதி புதைத்து, சின்னக் கல்லை மேலே அடுக்கி, சந்துகளில் மண் குழைத்து அடைத்துவிடுங்கள். சந்து திறந்திருந்தால் தேளும் பூரானும் நத்தையும் குடியேறும். வெயிலில் கல் சூடேறும், ஆகவே ஓர வரிசைச் செடியை நான்கு விரல்கடை தள்ளி நடுங்கள்.

பழைய ஓடு: ஓட்டு வீடுகளைப் பிரித்து மாடி வீடு கட்டுகிறார்கள். பிரித்த சீமை ஓடு பல வீட்டுப் புறக்கடையில் கிடக்கிறது. ஓட்டை நெட்டுக்குத்தாக நிறுத்தி, பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மண்ணில் புதைத்தால் முக்கால் அடி உயரக் கரை கிடைக்கும். 68 அடிக்குச் சுமார் 90 ஓடு பிடிக்கும். கால் பட்டால் உடையும் என்பதால் வண்டி, மாடு போகும் பக்கம் வேண்டாம்.

தேங்காய் மட்டை: உரித்த மட்டையை முதுகுப்புறம் வெளியே தெரியும்படி ஒன்றையொன்று நெருக்கிச் செருகினால் நல்ல கரை. தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையில் ஓரம் காயாமல் பார்த்துக்கொள்ளும். மட்டையில் சாம்பல் சத்தும் உண்டு. மக்கிய பிறகு அப்படியே பாத்தியில் சேர்த்துவிடலாம். கரையான் உள்ள செம்மண்ணில் ஒரு வருஷம்தான் நிற்கும், ஈரமாக வைத்திருந்தால் இரண்டு வருஷம்கூட வரும்.

பனங்கருக்கு: காய்ந்து விழுந்த பனை மட்டையை ஒன்றரை அடியாக நறுக்கி, பக்கம் பக்கமாக அடித்து இறக்கலாம். கருக்கை முதலில் சீவிவிடுங்கள். இல்லாவிட்டால் களை எடுக்கிறவர்கள் கையைக் கிழிக்கும். விழுந்த மட்டை மட்டும் எடுங்கள். மரத்தை வெட்ட நினைக்க வேண்டாம். பனை நம் மாநில மரம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்தார்கள்.

மரவள்ளிக் குச்சி: கிழங்கு பிடுங்கிய பிறகு குச்சி மலைபோலக் குவியும். நன்றாகக் காய்ந்த குச்சியைப் படுக்கவைத்து, முளை அடித்து நிறுத்தினால் ஒரு பருவம் தாங்கும். ஆனால் மாவுப்பூச்சி பிடித்த காட்டிலிருந்து குச்சியைக் கொண்டு வரவே கூடாது. 2020-இல் நம் நாட்டுக்குள் வந்த மரவள்ளி மாவுப்பூச்சி சேலம், நாமக்கல் விவசாயிகளை எவ்வளவு பாடுபடுத்தியது என்பது உங்களுக்கே தெரியும். அதை ஒழிக்க வெளிநாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து 2022-இல் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதலில் விட்டார்கள். அவ்வளவு செலவு செய்து அடக்குகிற பூச்சியை, கரைக் குச்சியோடு வண்டியேற்றி நம் தோட்டத்துக்கு நாமே கொண்டு வரலாமா? பச்சைக் குச்சியும் வேண்டாம். அது முளைத்து மரமாகிப் பாத்திச் சத்தைத் தின்னும்.

தென்னந்துண்டம்: பட்டுப்போன தென்னையை அறுத்துப் போட்டால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மழை பட்டு அது இற்றுப் போகும்போது காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டையிடும். அந்தப் புழு வண்டாகிப் பக்கத்துத் தென்னையின் குருத்தைக் குடையும். பாத்திக்கு நல்லது செய்யப் போய்த் தோப்புக்குக் கேடு தேட வேண்டாம். தென்னை இருக்கும் தோட்டத்தில் துண்டம் போடுவதைத் தவிருங்கள். போட்டிருந்தால், மெத்தென்று ஆனவுடனே பிளந்து எரித்துவிடுங்கள்.

மூங்கில்: பிளந்த மூங்கிலைப் பின்னிக் கட்டலாம். மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் மூங்கில் ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு மூன்று வருஷம்தான். அடி நுனியை நெருப்பில் கருக்கி நட்டால் கொஞ்சம் கூடுதலாக நிற்கும்.

உயிர்க்கரை

செத்த சாமான் நாளாக ஆகப் பலம் குறையும். உயிருள்ள கரை நாளாக ஆகப் பலம் கூடும். வெட்டிவேர் அப்படிப்பட்டது. கர்நாடகத்தில் குண்டலுப்பேட்டைப் பக்கத்து விவசாயிகள் நில எல்லையில் வெட்டிவேரை வரிசையாக நட்டுத் தலைமுறை தலைமுறையாக மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். 1980-களில் உலக வங்கியில் இருந்த வேளாண் நிபுணர்கள் இந்த முறையைப் பல நாடுகளுக்கும் எடுத்துச் சொன்னார்கள். மெக்சிகோ நகரத்தின் தெற்குப் பகுதியில் சோச்சிமில்கோ என்ற இடத்தில் ஏரிக்குள் மேட்டுப் பாத்தி கட்டிக் காய்கறி விளைவிக்கிறார்கள். அந்தப் பாத்தியின் கரையைப் பிடித்துக்கொண்டு நிற்பது வரிசையாக நட்ட மரங்களின் வேர்தான்.

நம் ஊரில், சரிவு நிலத்தில் தாழ்ந்த பக்கத்தில் மட்டும் வெட்டிவேர்த் தூரைப் பிரித்து, அரையடிக்கு ஒன்றாக மழை தொடங்கும்போது நடுங்கள். நாம் வளர்க்கும் வெட்டிவேர் விதை விழுந்து பரவுவதில்லை. வேர் நேராகக் கீழே இறங்கும். ஓர வரிசைப் பயிரிலிருந்து ஓரடி தள்ளி நடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை முழங்கால் உயரத்துக்கு அறுத்து, அந்தத் தாளையே மூடாக்காகப் போடுங்கள். எலுமிச்சைப் புல்லும் இதேபோல உதவும். புல் நெருங்கி வளர ஒரு வருஷமாவது ஆகும். அதுவரைக்கும் ஓடோ மட்டையோ துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காசு கொடுத்து வாங்குவதானால்

செங்கல்: நாட்டுச் செங்கல் ஒன்பது அங்குல நீளம் என்றால், 68 அடிக்கு ஒரு வரிசை படுக்கவைக்கச் சுமார் 91 கல். நிறுத்திவைத்தால் சுமார் 181 கல். சூளையில் அளவுக்கு மேல் வெந்து கோணிப்போன கல்லைக் கட்டடக்காரர்கள் வாங்க மாட்டார்கள். விலை குறைத்துக் கேளுங்கள். பாத்திக் கரைக்கு அதுதான் மேல். வேகாத கல்லை மட்டும் வாங்காதீர்கள், ஒரு மழையில் கரைந்து செம்மண் ஆகிவிடும். இரண்டு கல்லைத் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் வெந்த கல், சொத்தென்றால் வேகாத கல்.

சாம்பல் செங்கல்: மேட்டூர் அனல் மின் நிலையம் போன்ற இடங்களில் வரும் சாம்பலைக் கலந்து இயந்திரத்தில் அழுத்திய கல். அளவு ஒழுங்காக இருக்கும். சந்தில்லாமல் அடுக்கலாம்.

ஹாலோ பிளாக்: 16 அங்குலக் கல் 68 அடிக்கு 51 தேவை. ஓட்டை மேலே பார்க்கும்படி வைத்து, ஓட்டையில் மண் நிரப்பிப் புதினாவோ செண்டுமல்லியோ நடுங்கள். மண் நிரப்பாமல் விட்டால் தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிடும். செண்டுமல்லி பூவாகவும் விற்கும், தக்காளிக் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சியைத் தன்னிடம் இழுத்தும் கொள்ளும். புதிய சிமெண்ட் கல்லைப் பத்து நாள் நன்றாக நனைத்துக் கழுவிவிட்டு வையுங்கள். சுண்ணாம்பு கரைந்து ஓர மண்ணைக் காரமாக்காமல் இருக்கும்.

காசு கொடுத்து வாங்கும் கரைக்கு ஒரு எச்சரிக்கை. வாய்க்காலில் தண்ணீர் விட்டுப் பாத்திக்குள் ஊறவைக்கிற வழக்கம் உள்ளவர்கள், சந்தைச் சிமெண்ட் வைத்துப் பூசினால் தண்ணீர் பாத்திக்குள் ஏறாது. வாய்க்கால் நிறைந்திருக்கும், செடி வாடியிருக்கும். பூவாளியோ சொட்டுநீரோ உள்ளவர்களுக்குத்தான் கெட்டிக்கரை ஏற்றது. மற்றவர்கள் பூசாமல் வெறுமனே அடுக்குங்கள்.

சும்மா கொடுத்தாலும் வேண்டாம்

சூரமங்கலத்தில்தான் சேலம் ரயில் நிலையம் இருக்கிறது. தண்டவாளத்துக்கு அடியில் முன்பு போட்ட மரக்கட்டைகளுக்குப் பதிலாகக் கான்கிரீட் கட்டை வந்துவிட்டது. பழைய மரக்கட்டை கிடைத்தால் பாத்திக்கு வைக்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். வேண்டாம். அந்தக் கட்டை இற்றுப் போகாமல் இருக்கத் தார் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். அந்த எண்ணெயில் புற்றுநோய் உண்டாக்கும் சரக்கு இருக்கிறது. வெயிலில் கசிந்து மண்ணில் இறங்கும். கீரையோ தரையோடு தரையாக வளர்வது. அதை வாங்கிச் சாப்பிடுவது நம் ஊர்ப் பிள்ளைகள்தான். வண்டியின் கழிவு ஆயிலைக் கட்டையில் தடவினால் கரையான் வராது என்று செய்வதும் இதே தவறுதான்.

தாமிரமும் பாஷாணமும் கலந்த மருந்து ஏற்றிப் பச்சை நிறமாகத் தெரியும் மரமும் ஆகாது. 2004 முதல் அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கான மரத்தில் அந்த மருந்தை ஏற்றுவதில்லை.

பழைய டயர் வேண்டாம், கொசு வளரும். உடைந்த கல்நார் ஓட்டை வெட்டிச் செருக வேண்டாம், வெட்டும்போது பறக்கும் தூசி நுரையீரலைக் கெடுக்கும். உரச் சாக்கில் மண் கட்டி அடுக்கினால் வெயிலில் ஒரு வருஷத்துக்குள் நார் நாராகப் பிய்ந்து மண்ணில் கலந்துவிடும். பிறகு அதைப் பொறுக்கி மாளாது.

கருப்பூர்ப் பக்கத்து வெள்ளைக்கல் கரடு நமக்குப் பக்கம். சுரங்கத்திலிருந்து வெளியே கொட்டின கல்லும் தூளும் கண்ணுக்கு நன்றாக இருக்கும். அனுமதியில்லாமல் எடுப்பது குற்றம் என்பது ஒரு பக்கம். அந்தக் கல்லில் மெக்னீசியம் மிக அதிகம், அதோடு உள்ள பச்சைப் பாறையில் நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்களும் உண்டு. தூள் பாத்தியில் கலந்தால் செடி சுண்ணாம்புச் சத்தையும் சாம்பல் சத்தையும் எடுக்கத் திணறும். காய்கறிப் பாத்திக்கு அது ஆகாது.

கட்டும் முறை

சித்திரை, வைகாசியில் வேலை குறைவான நாளில் கட்டுங்கள், மழைக்கு முன்னால் மண் படிந்துவிடும். முதலில் நான்கு மூலையிலும் முளை அடித்துக் கயிறு கட்டுங்கள். கயிற்றை ஒட்டி மூன்று அங்குல ஆழத்துக்குச் சின்னக் குழி எடுங்கள். எந்தச் சாமானானாலும் மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் இருக்க வேண்டும். நேராக நிறுத்தாமல் பாத்திப் பக்கம் துளி சாய்த்து நிறுத்துங்கள், மண் தள்ளும்போது நிமிர்ந்து நிற்கும். அடி மண்ணை உலக்கையால் இடித்துவிட்டுப் பிறகு பாத்தியில் மண்ணும் எருவும் போடுங்கள். மண் மட்டம் கரையைவிட ஓர் அங்குலம் தாழ்வாக இருக்கட்டும்.

ஆறடிக்கு ஒரு இடத்தில் விரல் நுழையும் அளவு சந்து விடுங்கள். இதை மறந்தால் பாத்தி தொட்டியாகிவிடும். தண்ணீர் தேங்கி, நாற்று கழுத்தோடு அழுகிச் சாயும். சந்துக்கு உட்பக்கம் ஒரு கைப்பிடி தேங்காய் நார் வைத்தால் தண்ணீர் மட்டும் வெளியேறும், மண் நிற்கும்.

எல்லாப் பாத்திக்கும் ஒரே நாளில் கட்டிவிடவும் வேண்டாம். இந்த வருஷம் சரிவில் உள்ள ஒரு பாத்திக்குக் கையில் இருக்கிற கல்லையோ ஓட்டையோ மட்டையையோ வைத்துக் கட்டுங்கள். பக்கத்துப் பாத்தியை மண் கரையாகவே விடுங்கள். ஐப்பசி மழை கழிந்ததும் இரண்டையும் பாருங்கள். எவ்வளவு மண் போயிற்று, எத்தனை நாற்று தப்பியது, எத்தனை கட்டுக் கீரை கூடுதலாக வந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கரையினால் கிடைத்தது கரைக்குக் கொடுத்ததைவிட அதிகம் என்றால் அடுத்த வருஷம் இன்னும் நான்கு பாத்திக்குக் கட்டுங்கள், அந்தப் பாத்தி சம்பாதித்துக் கொடுத்த காசிலேயே. குறைவென்றால் மண்வெட்டியை எடுத்து மண் அணைப்பதோடு விட்டுவிடுங்கள். அந்த ஒரு நோட்டுக் கணக்கு, பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்து வரும் ஆசையைவிட உங்களுக்கு நல்ல வழி காட்டும்.

உங்கள் பாத்தி மண் எந்த ரகம், அதற்கு எது ஏற்றது என்பதில் சந்தேகம் இருந்தால் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள். போகும்போது ஒரு கை மண்ணும் எடுத்துப் போங்கள்.